வௌவாலை விரட்டுமுன் தரையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாவும் ஜம்புவும் பழுக்கும் நாள்களில் சிங்கப்பூரின் தரைவீட்டுக்காரர்களும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளின் கீழ்மாடிக் குடும்பங்களும் ஒரே குறையைச் சொல்வார்கள். காலையில் கதவைத் திறந்தால் சுவரெல்லாம் கறை, காரெல்லாம் சக்கை. வௌவாலை என்ன செய்வது என்று கேட்டால், ஆளுக்கொரு வைத்தியம் கிடைக்கும். பூச்சி உருண்டையைத் துணியில் கட்டித் தொங்கவிடு, கந்தகப் புகை போடு, விளக்குமாற்றால் தட்டிவிடு, எலிக்கு வைக்கும் பசை அட்டையை மேலே ஒட்டு என்பார்கள். முதல் மூன்றும் பெரும்பாலும் வீண் வேலை. நான்காவது கொடுமை. பசையில் சிக்கிய வௌவாலின் இறக்கைச் சவ்வு கிழிந்து, அது பறக்க முடியாமல் போகலாம். அதோடு, வனவிலங்கை அனுமதியின்றிப் பிடிப்பதும் கொல்வதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். பழைய சட்டம் 2020 ஜூன் மாதம் திருத்தப்பட்டு இந்தப் பெயரைப் பெற்றது. வௌவால் அதற்கு விலக்கல்ல.

விரட்ட நினைப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். நிமிர்ந்து பார்ப்பதற்கு முன் குனிந்து தரையைப் பாருங்கள். மேலே இருப்பது எந்த வௌவால், எதற்காக வருகிறது, என்ன செய்தால் இடம் மாறும் என்பதையெல்லாம் கீழே கிடப்பதே சொல்லிவிடும்.

சிங்கப்பூரில் இருபதுக்கும் மேற்பட்ட வௌவால் வகைகள் பதிவாகியுள்ளன. வீட்டை ஒட்டி வாழ்பவற்றில் இரண்டு கூட்டத்தை அடையாளம் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று, பழம் தின்னும் குறுமூக்கு வௌவால். உடல் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். எடை ஏறத்தாழ 30 கிராம், அதாவது நான்கு ஒரு வெள்ளி நாணயங்களின் எடை. இறக்கையை விரித்தால் மட்டும் 40 செண்டிமீட்டரை ஒட்டி வரும். இருட்டில் பறக்கும்போது பெரிய பிராணிபோல் தெரிந்து மிரட்டுவது அதனால்தான். நாய்க்குட்டி முகம், உருண்ட பெரிய கண், வேட்டிக்குக் கரை பிடித்ததுபோல் காதோரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. ஆணுக்குக் கழுத்தைச் சுற்றிச் செம்மஞ்சள் மயிர் அடர்ந்திருக்கும். மற்றொன்று பூச்சி தின்னும் சின்ன வௌவால், துரிஞ்சில் என்பார்களே அது. கூரை ஓட்டுக்கு அடியில் தங்கும் மஞ்சள் வீட்டு வௌவால் 20 கிராம் அளவில் இருக்கும். வாழைக்குருத்துச் சுருளுக்குள் பகலைக் கழிக்கும் மீசை வௌவாலுக்கு எடை 5 கிராம்தான். ஒரு வெள்ளி நாணயம் அதைவிடக் கனம்.

இனி தரைக்கு வருவோம். பழந்தின்னியின் எச்சம் நீர்த்தது. சுவரில் தெறித்துப் பழுப்பாகவோ கறுப்பாகவோ வழிந்திருக்கும். காய்ந்த கறையை உற்றுப் பார்த்தால் கசகசா அளவில் அத்தி விதைகள் ஒட்டியிருக்கும். அதன் பக்கத்தில் மென்று துப்பிய வெற்றிலைச் சக்கைபோல் நார் உருண்டைகள் கிடக்கும். வௌவால் ஒரு காலால் தொங்கிக்கொண்டு, மறு காலாலும் பெருவிரல் நகத்தாலும் பழத்தைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் கடிக்கும். கடித்த சதையை மேலண்ணத்தின் வரிகளில் வைத்து நாக்கால் அழுத்திச் சாற்றை மட்டும் விழுங்கும். பிழிந்த நாரைத் துப்பிவிடும். விழுங்கியதும் அரை மணி நேரத்துக்குள் வெளியேறிவிடுகிறது, உடலில் பாரம் வைத்துக்கொண்டு பறக்க முடியாதல்லவா? கெத்தாபாங் (நாட்டு வாதுமை) கொட்டை பெரிதாக விழுந்து கிடந்தால், அந்தப் பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது என்று அர்த்தம்.

பூச்சி தின்னும் வௌவாலின் எச்சம் வேறு மாதிரி. அரிசி அளவில் கறுத்து உலர்ந்த சிறு துண்டுகள், சுவரோரமாகவோ ஓட்டு இடுக்குக்கு நேர்கீழாகவோ குவிந்திருக்கும். எலிப் புழுக்கை என்றே பலரும் நினைத்துவிடுகிறார்கள். ஒரு குச்சியால் அழுத்திப் பாருங்கள், கையால் வேண்டாம். எலிப் புழுக்கை காய்ந்தால் கல்லாகிவிடும். வௌவால் எச்சம் பொடிந்து, வண்டு ஓட்டின் துணுக்குகள் மினுமினுக்கும். ஒரு முனையில் வெள்ளையாக இருந்தால் அது பல்லி. இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் எலி மருந்து வைத்தவர்கள் அநேகம். பறக்கும் பூச்சியைத் தின்பது எலி மருந்தைத் தொடவே தொடாது.

பழந்தின்னி என்று தெரிந்துவிட்டால் அடுத்த கேள்வி, அங்கே அது தூங்குகிறதா, சாப்பிட மட்டும் வருகிறதா என்பது. பகல் பத்து மணிக்குக் கார் போர்ச்சின் விட்டத்தைப் பாருங்கள். ஓர் ஆணும் சில பெண்களும் சேர்ந்து தொங்கினால் அது குடியிருப்பு. பகலில் ஒன்றும் இல்லாமல் இரவில் மட்டும் சக்கை விழுந்தால் அது சாப்பாட்டு மேடை. சந்தேகம் தீர, மாலை ஏழு மணிக்குக் கீழே பழைய செய்தித்தாளை விரியுங்கள். இரவு பத்து மணிக்கு எடுத்துவிட்டு வேறொன்றை விரித்து, காலையில் இரண்டையும் ஒப்பிடுங்கள். எந்த நேரத்தில், விட்டத்தின் எந்தப் புள்ளியிலிருந்து விழுகிறது என்பது வட்டம் போட்டுக் காட்டியதுபோல் தெரியும். மூன்று நாள் இப்படிப் பார்த்த பிறகே மேலே கை வையுங்கள்.

மரத்திலேயே உட்கார்ந்து தின்னாமல் நம் வீட்டுக்கு ஏன் வர வேண்டும் என்று கேட்கலாம். பழுத்த மரம் ஆந்தைக்கும் பாம்புக்கும் காத்திருக்கும் இடம், பிடுங்கித் தின்னும் மற்ற வௌவால்களும் அங்கேதான் கூடும். ஆகவே ஒரு பழத்தைக் கவ்விக்கொண்டு சற்றுத் தள்ளிப் போய், மழை படாத, இருட்டான, கீழே தாராளமாகப் பறந்து ஏற இடமுள்ள ஒரு கூரையைத் தேடும். நம் கார் போர்ச்சும் தாழ்வாரத்து விட்டமும் அதற்குப் பனையோலையின் அடிப்பக்கம் போலத்தான். சொரசொரப்பான சிமெண்டுப் பூச்சில் நகம் நன்றாகப் பிடிக்கும். இருட்டு, பறந்து ஏறும் வழி, நகம் பிடிக்கும் பரப்பு ஆகிய மூன்றில் ஒன்றைக் கெடுத்தால் போதும், வேறு இடம் பார்த்துக்கொள்ளும்.

இருட்டைக் கெடுப்பது எல்லாவற்றிலும் எளிது. பத்து வாட் அளவிலான எல்இடி விளக்கு ஒன்றைக் கீழிருந்து அந்தப் புள்ளியை நோக்கி மேல்முகமாகத் திருப்பி வைத்து, மாலை ஆறே முக்கால் முதல் விடியும்வரை எரியவிடுங்கள். இரண்டு வாரம் விடாமல் எரிய வேண்டும். மூன்று நாளில் அணைத்துவிட்டு "பலனில்லை" என்பவர்களே அதிகம். ஆள் நடமாட்டத்துக்கு மட்டும் எரியும் விளக்கு இதற்கு உதவாது, வௌவால் வந்து அமர்ந்த பிறகு சும்மா தொங்கும் நேரத்தில் அது அணைந்துவிடும். வெளிச்சம் எதிர்வீட்டுப் படுக்கையறையில் விழாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும், இங்கே வீடுகள் அவ்வளவு நெருக்கம்.

பறந்து ஏறும் வழியைக் கெடுக்க, கனமான பிளாஸ்டிக் தாளை 5 செண்டிமீட்டர் அகலத்தில், அரை மீட்டர் நீளத்தில் நாடாவாக வெட்டி, அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு சாண் இடைவெளியில் வரிசையாகத் தொங்கவிடலாம். வௌவால் கீழிருந்து மேலே எழும்பி, கடைசி நொடியில் தலைகீழாகப் புரண்டு விட்டத்தைப் பிடிப்பது. நாடா ஆடும் இடத்தில் அந்தப் புரளல் முடியாது. பழைய குறுந்தட்டுகளைக் கட்டித் தொங்கவிடுகிறவர்கள் உண்டு. ஒரு வாரம் பயப்படும், பிறகு பழகிவிடும். நாடாக்கள் பளபளப்பதற்காக அல்ல, வழியை மறிப்பதற்காக என்பதை நினைவில் வைத்தால் எப்படிக் கட்டுவது என்பது தானே விளங்கும்.

இரண்டும் பலிக்காவிட்டால் விட்டத்தின் அடிப்பக்கத்தில் வழவழப்பான அக்ரிலிக் தகடு பொருத்தலாம். நகத்துக்குப் பிடி கிடைக்காது. இதில் நேரும் தவறு ஒன்றே ஒன்று: கறை இருக்கும் ஓர் அடியை மட்டும் மூடுவது. மறுநாளே அது அரை மீட்டர் தள்ளித் தொங்கும். மூடினால் விட்டத்தின் முழு நீளத்தையும் மூடுங்கள். வீவக தாழ்வாரம் பொது இடம் என்பதால் அங்கே துளையிட்டு எதையும் பொருத்துவதற்கு முன் நகர மன்றத்தைக் கேட்க வேண்டும்.

கேளா ஒலி எழுப்பும் கருவியை வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். குறுமூக்குப் பழந்தின்னி கண்ணையும் மூக்கையும் நம்பித் திரிவது, பூச்சி வௌவாலைப்போல் வாயால் கேளா ஒலி எழுப்பி வழி தேடுவதில்லை. விளம்பரத்தில் சொல்லும் காரணமே அதற்குப் பொருந்தாது.

இவற்றில் எதையும் குட்டி இருக்கும்போது தொடங்கக் கூடாது. இதை அடிக்கோடிட்டுச் சொல்கிறோம். பழந்தின்னி ஒரு தடவைக்கு ஒரே குட்டிதான் போடும். கர்ப்பம் ஏறத்தாழ நான்கு மாதம். பிறந்த குட்டியைத் தாய் நெஞ்சோடு அணைத்துக்கொண்டே பறக்கும், கொஞ்சம் வளர்ந்ததும் தொங்கும் இடத்தில் விட்டுவிட்டு இரை தேடப் போகும். அந்த நேரத்தில் விளக்கைப் போட்டுக் கலைத்தால் குட்டி விழுந்துவிடும். பகலில் ஒரு தொலைநோக்கியாலோ கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கியோ பாருங்கள். நெஞ்சில் இன்னொரு சின்ன முகம் தெரிந்தால் இரண்டு மாதம் பொறுங்கள். அதுவரை கீழே ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுக் காரைச் சற்று நகர்த்தி நிறுத்தினால் போதும்.

கறையை அன்றன்றைக்குக் கழுவினால் வெறும் தண்ணீருக்கே போய்விடும். காய்ந்த எச்சத்தைப் பெருக்கக் கூடாது, தூசு மூக்கில் ஏறும். முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு முதலில் தண்ணீர் தெளியுங்கள். சுவரில் ஊறிய கறைமேல் வெந்நீரில் நனைத்த பழந்துணியைப் பத்து நிமிடம் ஒட்டி வைத்துவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்பால் தேயுங்கள். கிருமி நீக்க வேண்டுமானால் ஒரு பங்கு பிளீச்சுக்கு 49 பங்கு தண்ணீர் போதும். பிளீச்சுடன் கழிவறை கழுவும் அமிலத்தை ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும். கார் மேல் விழுந்ததைத் தேய்க்காமல் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு எடுங்கள், உள்ளே இருக்கும் விதை சாயத்தைக் கீறிவிடும்.

சில நேரம் வௌவால் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். உடனே செய்ய வேண்டியது ஒன்றுதான்: மின்விசிறியை நிறுத்துங்கள். கூடத்தில் சுற்றும் வௌவாலை மனிதர் அடித்துக் கொல்வதைவிட மேலே சுழலும் விசிறி அடித்துக் கொல்வதே அதிகம் என்று தோன்றுகிறது. பிறகு உள்ளறைக் கதவுகளைச் சாத்தி, வெளிச் சன்னல்களை முழுக்கத் திறந்து, திரையை ஒதுக்கி, கூடத்து விளக்கை அணையுங்கள். தாழ்வார விளக்கு எரியட்டும். வெளியே வெளிச்சம், உள்ளே இருட்டு என்றால் வழி கண்ணுக்குத் தெரியும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அறையைவிட்டு அரை மணி நேரம் வெளியே இருங்கள். சுற்றும்போது அறையின் நடுவில் தாழ்ந்து, சுவரோரம் உயர்ந்து பறப்பதைப் பார்த்துத் தலைமேல் பாய்கிறது என்று அலறுவார்கள். வேகம் பிடிக்கத் தாழ்கிறது, திரும்ப உயர்கிறது, அவ்வளவுதான். தலைமயிரில் சிக்கிக்கொள்ளும் என்பதும் வெறும் பயம்.

களைத்துப்போய்த் திரையிலோ சுவரிலோ ஒட்டிக்கொண்டால், ஒரு காலணிப் பெட்டியை அதன்மேல் மெல்லக் கவிழ்த்து, பின்னால் ஓர் அட்டையைச் செருகுங்கள். தடித்த கையுறையோ மடித்த துண்டோ இல்லாமல் தொடாதீர்கள், பயந்தால் கடிக்கும். பகலாக இருந்தால் பெட்டியை மூடி, காற்றுக்குச் சிறு துளையிட்டு, இருட்டான இடத்தில் மாலைவரை வைத்திருங்கள். பொழுது சாய்ந்த பின் தோளுயரத்துக்கு மேல், சொரசொரப்பான மரத்தண்டில் பெட்டியைச் சாய்த்துப் பிடித்தால் தானே ஏறிக்கொள்ளும். தரையில் விடாதீர்கள். பெரும்பாலான வௌவால்களுக்குத் தரையிலிருந்து எழும்புவது கடினம், உயரத்திலிருந்து விழுந்துதான் பறக்கத் தொடங்கும். கையால் மேலே வீசியெறிவதும் கூடாது.

கீழே விழுந்த குட்டிக்குப் பாலூட்டப் புறப்படுபவர்களின் இரக்கம் புரிகிறது. ஆனால் பசும்பாலோ சர்க்கரைத் தண்ணீரோ ஊற்றினால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். மெல்லிய துணியில் சுற்றி, ஓரம் தாழ்ந்த ஒரு பெட்டியில் வைத்து, விழுந்த இடத்துக்கு மேலே உயரமாகக் கட்டுங்கள். இரவு தாய் தேடி வந்து எடுத்துக்கொண்டு போக வாய்ப்புண்டு. மறுநாள் காலையிலும் அங்கேயே இருந்தால், அல்லது இறக்கையில் காயம் தெரிந்தால், தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி நிலையத்தை 1800-476-1600 என்ற எண்ணில் அழையுங்கள். ஏக்கர்ஸ் என்ற விலங்கு நல அமைப்பின் மீட்பு எண் 9783 7782.

கூரை வௌவாலுக்கு வருவோம், இதில்தான் பெரிய தவறு நடக்கிறது. ஓட்டுக்கும் சுவருக்கும் இடையே ஒன்றரை செண்டிமீட்டர் இடுக்கு போதும், மஞ்சள் வீட்டு வௌவால் நுழைந்துவிடும். குத்தகைக்காரர் பகலில் வந்து எல்லா இடுக்கையும் பூசி மூடிவிட்டுப் போவார். உள்ளே தூங்கிக்கொண்டிருப்பவை அங்கேயே சாகும். பத்து நாளில் நாற்றம், பிறகு ஈ. அதை எடுப்பதற்காக மூடிய ஓட்டையே திரும்பப் பிரிக்க வேண்டி வரும்.

முறையான வழிக்கு ஒரு வாரம் பொறுமை வேண்டும். மாலை ஆறே முக்கால் முதல் ஏழே முக்கால்வரை வீட்டின் எதிரெதிர் மூலைகளில் இருவர் நின்று, எந்த இடுக்கிலிருந்து வெளிவருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமாகப் போய்வரும் இடுக்கின் விளிம்பு எண்ணெய்க்கை பட்டதுபோல் கறுத்திருக்கும். அவை பறந்துபோன அரை மணி நேரம் கழித்து ஓட்டுக்கு அடியில் காது கொடுத்துக் கேளுங்கள். உள்ளே கீச்சொலி கேட்டால் பறக்க முடியாத குட்டிகள் இருக்கின்றன, வேலையை எட்டு வாரம் தள்ளிப் போடுங்கள். சத்தமில்லை என்றால், அந்த முக்கிய வழியை மட்டும் விட்டு மற்ற இடுக்குகளை மூடலாம். விட்ட வழியின்மேல் 6 மில்லிமீட்டருக்கு மிகாத கண்ணுள்ள பிளாஸ்டிக் வலையைத் திரைபோல் தொங்கவிட வேண்டும். மேல்விளிம்பையும் இரு பக்கத்தையும் சுவரோடு ஒட்டி, அடிப்பக்கத்தைத் திறந்தே விடுங்கள். இடுக்குக்குக் கீழே அரை மீட்டருக்குக் குறையாமல் இறங்க வேண்டும், நடுவில் கொஞ்சம் தொய்வு வேண்டும். வெளியே வரும் வௌவால் சுவரைப் பிடித்து ஊர்ந்து அடிவழியாகப் பறந்துவிடும். திரும்பி வரும்போது பழைய இடுக்குக்கு நேராக வந்து வலையில் முட்டும், அடியில் நுழைய அதற்குத் தோன்றாது. வலையை இறுக்கமாக ஒட்டினால் உள்ளே மாட்டிக்கொள்ளும், குட்டையாக வெட்டினால் திரும்ப நுழைந்துவிடும். ஏழு இரவு அப்படியே இருக்கட்டும். பிறகு இரண்டு மாலை நின்று பார்த்து, ஒன்றும் வரவில்லை என்று உறுதியான பின் நிரந்தரமாக மூடுங்கள். தொடங்குமுன் தேசியப் பூங்காக் கழகத்திடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. கூரையேறும் வேலையைப் பழகியவரிடம் விடுங்கள்.

ஓட்டுக்கடியில் பல ஆண்டு சேர்ந்த உலர் எச்சம் இருந்தால் அதில் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை வளரக்கூடும், தூசோடு நுரையீரலுக்குள் போனால் நோய் தரும். என்95 கவசம் போட்டு, நன்றாக நனைத்து, இரட்டைப் பையில் அள்ளுங்கள்.

நோய் என்றதும் நிப்பா கிருமி ஞாபகம் வரும். 2018ல் கேரளத்தின் கோழிக்கோட்டில் அது பரவியதைப் படித்தவர்களுக்கு இந்தப் பயம் இயல்பு. 1999ல் சிங்கப்பூரிலும் இறைச்சிக்கூடப் பணியாளர்கள் 11 பேருக்கு நிப்பா தொற்றி ஒருவர் இறந்தார். அது இறக்குமதியான பன்றிகளிடமிருந்து வந்தது. அந்தக் கிருமியின் இயற்கை இருப்பிடம் பெரிய பழ வௌவால்கள், ஆங்கிலத்தில் பறக்கும் நரி என்பார்களே அவை. நம் போர்ச்சில் தொங்கும் 30 கிராம் வௌவால் வேறு இனம். அதற்காக வௌவால் கடித்த பழத்தைக் கழுவித் தின்னலாம் என்று சொல்ல வரவில்லை. கடித்தது குப்பைக்கு. வௌவால் கடித்தாலோ பிராண்டினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள். சிங்கப்பூரில் 1953 முதல் வெறிநாய்க்கடி நோய் இல்லை. ஆனால் இந்தியா, தாய்லாந்து போன்ற இடங்களில் பயணத்தின்போது கடிபட்டிருந்தால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

டெங்கிக் கொசுவை வௌவால் தின்று தீர்த்துவிடும் என்று சிலர் அதற்காக வாதாடுகிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் சரியல்ல. ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது, வௌவால் பொழுது சாய்ந்து கிளம்புவது. அது பிடிப்பது வண்டும் ஈசலும் இரவுக் கொசுவும். பூந்தொட்டித் தட்டில் தேங்கிய நீரை நாம்தான் கொட்ட வேண்டும். வௌவாலுக்கு வேறு பெருமை இருக்கிறது. டுரியான் பூ மாலையில் விரிந்து இரவில் மகரந்தம் கொட்டுவது, தேன் குடிக்கும் குகை வௌவாலை நம்பித்தான். நெடி வீசும் பெத்தாய்க் கொட்டை தரும் மரத்தின் உருண்டைப் பூங்கொத்துக்கும் அதுவே விருந்தாளி. குகையில்லாத இந்தத் தீவில் அது மேம்பாலங்களின் அடிப்பகுதியில் தொங்குகிறது. டுரியானை விரும்பி உண்பவர்கள் இதை அறிந்திருப்பது நியாயம்.

வீட்டுக்குள் வௌவால் வந்தால் ஆகாது என்று நம் பெரியவர்கள் சிலர் சொல்வார்கள். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியைக் கேட்டால், சீனத்தில் வௌவால் என்ற சொல்லின் பின்பாதியும் நற்பேறு என்ற சொல்லும் ஒரே ஓசை, வந்தால் அதிர்ஷ்டம் என்பார். பழைய கடைவீடுகளில் சன்னலுக்கு மேலே உள்ள காற்றுத்துளையை வௌவால் வடிவில் வெட்டியிருப்பதை நிமிர்ந்து பார்த்தால் காணலாம். தமிழகத்திலும் வௌவாலுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர்கள் இன்றும் உண்டு.

தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு செய்தி. பழத்தைக் காக்க மரம் முழுவதும் மெல்லிய நூல் வலையைத் தொளதொளவென்று போர்த்தாதீர்கள், இரவில் வௌவாலும் பகலில் மைனாவும் சிக்கிச் சாகும். வலைக்கண்ணில் சுண்டுவிரல் நுழைந்தால் அது கூடாத வலை. கொய்யாவையும் மாம்பழத்தையும் ஒவ்வொன்றாகத் துணிப்பையிலோ செய்தித்தாளிலோ கட்டிவிடுவது மலிவு, பாதுகாப்பும்கூட. பழுக்கும்வரை மரத்தில் விடாமல் முற்றிய காயாகப் பறித்து வீட்டில் பழுக்க வைத்தால் போர்ச்சில் சக்கை விழுவதும் பாதியாகக் குறையும். அடுத்தது, இலை அறுப்பவர்களுக்கு. பொங்கலுக்கோ வீட்டு விருந்துக்கோ வாழையிலை அறுக்கும்போது, இன்னும் விரியாமல் புனல்போல் சுருண்டிருக்கும் குருத்தின் வாயைக் கைவிளக்கால் ஒரு முறை பாருங்கள். உள்ளே மீசை வௌவால்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கலாம். அந்தக் குருத்தை மட்டும் விட்டுவிடுங்கள். சில நாளில் இலை விரிந்ததும் அவையே வேறு குருத்துக்குப் போய்விடும், பிறகு இலை உங்களுடையது.

நகர மன்றங்களுக்கும் தரைவீட்டு வட்டாரங்களில் மரம் வெட்டும் குத்தகைக்காரர்களுக்கும் ஒரு விண்ணப்பம். விசிறிப்பனையின் தொங்கும் ஓலைகளைக் கழிக்குமுன் அடியில் நின்று ஒரு நிமிடம் மேலே பார்க்கச் சொல்லுங்கள். ஆண் பழந்தின்னி ஓலை நரம்பைக் கடித்துக் கடித்து மடக்கி, குடைபோல் ஒரு கூடாரம் செய்து பெண்களை அதற்குள் வைத்திருக்கும். ஓலையின் நடுவே கடித்த தடமும், அடியில் தரையில் சக்கையும் விதையும் இருந்தால் அந்த ஒரு மட்டையைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம், குட்டி இருந்தால் அடுத்த முறைக்கு விடலாம். காய்ந்த ஓலையை எல்லாம் ஒரே நாளில் மழித்த பிறகு, அந்தப் பனையில் இருந்த வௌவால்கள் எதிரே இருக்கும் கார் போர்ச்சுக்கு வருவதும், அந்த வீட்டுக்காரர் புகார் கொடுப்பதும் இப்படித்தான் தொடங்குகிறது.

இப்படிக்கு,
வீட்டு வௌவால்களைக் கவனித்துவரும் வாசகர்கள்,
சிங்கப்பூர்